ஒன்றிரண்டு கறவைகளுக்குக் கையா, மிஷினா?

வீட்டில் இரண்டு கறவை மாடுகள், மூன்றாவது சினையாக நிற்கிறது, மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். கறவை மிஷின் வாங்கினால் வேலை குறையுமா, மிஷின் போட்டால் மடிநோய் வரும் என்கிறார்களே அது உண்மையா என்பவை உங்கள் கேள்விகள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கை நன்றாக இருந்து, மாடு இரண்டுக்குள் இருந்தால் கைக்கறவையே போதும். மாடு மூன்றாகிவிட்டாலும் சரி, மணிக்கட்டு வலி வந்துவிட்டாலும் சரி, மிஷின் வாங்குவதுதான் நல்லது. உங்களுக்கு இரண்டும் சேர்ந்திருக்கிறது, வாங்குங்கள். ஆனால் வேலை குறையும் என்று நினைத்து வாங்காதீர்கள். கையில் விழும் பாரம் நிச்சயம் குறையும். வேலையோ கறப்பதிலிருந்து கழுவுவதற்கு இடம் மாறும், அவ்வளவுதான். கழுவ மனசும் நேரமும் இல்லாத வீட்டில் மிஷின் வந்தால் பாலும் கெடும், மாடும் கெடும்.

கையா மிஷினா என்பதற்கு முன்னால், மாடு பால் கொடுப்பது எப்படி என்பது தெரிய வேண்டும். இது பிடிபட்டால் மற்ற பாதிக் கேள்விகள் தானாகவே தீர்ந்துவிடும். கறக்கப் போகும் நேரத்தில் மடியில் இருக்கும் பாலில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் காம்புக்கு மேலே இறங்கித் தேங்கி நிற்கிறது. மற்ற நாலு பங்கும் மடிக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்ணறைகளில் இருக்கிறது. அதை எந்தக் கையாலும் எந்த மிஷினாலும் இழுத்து எடுக்க முடியாது. மாடு தானாக இறக்க வேண்டும். காம்பைத் தொட்டுத் துடைக்கும்போது அந்த உணர்வு நரம்பு வழியே மூளைக்குப் போய், ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது. அது மடியை எட்டியதும் நுண்ணறைகளைச் சுற்றியிருக்கும் தசைச் செல்கள் இறுகிப் பாலைக் கீழே தள்ளுகின்றன. சுரப்பு விடுவது என்று நாம் சொல்வது இதைத்தான். தொட்ட நேரத்திலிருந்து பசுவுக்கு இதற்கு ஒன்று முதல் ஒன்றரை நிமிடம் ஆகும். வந்த வேகம் ஐந்தாறு நிமிடத்தில் தணிந்துவிடும். கறவையின் பெரும்பகுதி அதற்குள் முடிய வேண்டும்.

எருமை வைத்திருப்பவர்கள் இன்னும் பொறுமையாக இருக்க வேண்டும். எருமைக்குக் கீழே தேங்கி நிற்கும் பால் 5 சதவீத அளவுதான், சுரப்பு விடவே இரண்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொள்ளும். வெள்ளாடு இதற்கு நேர்மாறு. அதன் பாலில் பாதிக்கு மேல் ஏற்கனவே கீழே இறங்கியிருக்கும், அதனால் சுரப்பு விடாவிட்டாலும் பெரும்பகுதி வந்துவிடும்.

மாடு பயந்தாலோ, அடி வாங்கினாலோ, புது ஆளைக் கண்டு மிரண்டாலோ ரத்தத்தில் அட்ரினலின் என்ற பயத்தின் ஹார்மோன் ஏறும். அது ஆக்ஸிடோசினின் வேலையைத் தடுத்துவிடும். மாடு பாலை அடக்கிக்கொண்டது என்று திட்டுகிறோமே, மாடு வேண்டுமென்று அப்படிச் செய்வதில்லை, அதன் உடம்பு அப்படி. திட்டுகிற குரலே இன்னும் அரை மணி நேரத்துக்குக் காரியத்தைக் கெடுத்துவிடும்.

கைக்கறவையின் பெரிய பலம் இங்கேதான் இருக்கிறது. கையால் கறப்பவருக்குச் சுரப்பு வந்ததும் விரலிலேயே தெரிந்துவிடும். தொளதொளவென்று இருந்த காம்பு புடைத்து, கைக்குள் நிறைந்து நிற்கும். பால் குறைய ஆரம்பித்ததும் அதுவும் தெரியும். ஒரு காம்பு மட்டும் சூடாக இருந்தாலும், மடியில் ஒரு பக்கம் கல்லாக இருந்தாலும் கை கண்டுபிடித்துவிடும். மிஷினுக்கு இதில் எதுவும் தெரியாது. சுரப்பு வராத காம்பில் மாட்டினாலும் அது உறிஞ்சும், பால் தீர்ந்த காம்பிலும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆகவே மிஷின் வந்த பிறகும் மடியைப் பார்ப்பதும் தொடுவதும் உங்கள் வேலைதான்.

கையால் கறப்பதிலும் முறை இருக்கிறது. காம்பை முழுக்கையால் பிடிப்பதுதான் சரியான முறை. கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து காம்பின் மேல்முனையை வளையம் போட்டு அடைக்கும். காம்பில் இறங்கிய பால் திரும்பி மடிக்குள் ஏறாமல் அது தடுக்கும். பிறகு நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் என்று மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக மூடும்போது பால் பீறிட்டு வரும். கை கீழே இழுக்கவே கூடாது, அமுக்க மட்டும்தான் வேண்டும். அடுத்து வளையத்தைத் தளர்த்தினால் காம்பு மறுபடி நிறையும். இரண்டு கையும் மாறி மாறி இந்தத் தாளத்தில் போனால் பழகியவர் நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் கறந்துவிடுவார்.

கட்டைவிரலை மடக்கி, அதன் மூட்டைக் காம்பில் அழுத்திக் கறப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. வேகமாகப் பால் வருவது போல் இருக்கும். ஆனால் அந்த மூட்டு, காம்பின் உள்சவ்வை தினமும் நசுக்குகிறது. நாளாவட்டத்தில் உள்ளே தழும்பு விழுந்து, காம்பு கெட்டியாகி, அந்த மடிப்பகுதியில் நோய் ஏறும். இரண்டு விரலால் உருவிக் கறப்பதைக் காம்பு மிகச் சிறியதாக இருந்தாலோ, கடைசிப் பாலை எடுக்கவோ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாலைத் தொட்டு விரலை ஈரமாக்கிக்கொண்டு கறப்பதையும் நிறுத்த வேண்டும். கையிலும் காம்பிலும் உள்ள அழுக்கு அத்தனையும் அந்த ஈரத்தில் கரைந்து சட்டிக்குள் போகும், காம்பு நுனியிலும் தேங்கும்.

உங்கள் மணிக்கட்டு வலிக்கு ஒரு பங்கு காரணம் இந்தப் பிடியாகவும் இருக்கலாம். மணிக்கட்டை மடக்காமல் முன்கையோடு நேராக வைத்துக் கறந்து பாருங்கள். உட்காரும் பலகையின் உயரத்தைக் காம்பு முழங்கை மட்டத்துக்கு வருகிற மாதிரி மாற்றுங்கள். விரல் மரத்துப்போகிறது, இரவில் விழித்துக்கொள்கிற அளவுக்குக் கை வலிக்கிறது என்றால் அது நரம்பு அழுத்தமாக இருக்க வாய்ப்பு உண்டு. அப்போது மருத்துவரிடம் காட்டுங்கள், கறப்பதை விடுங்கள். அந்த வலியோடு கறந்துகொண்டே இருந்தால் பிடிவலிமை போய்விடும்.

இனி மிஷின். அது காம்பிலிருந்து பாலை வெறுமனே உறிஞ்சுவதில்லை என்பதுதான் முக்கியம். ஆரம்ப காலத்தில் வந்தவை உறிஞ்சிக்கொண்டே இருந்தன, அதனால் காம்பில் ரத்தம் கட்டி வீங்கியது. 1895 வாக்கில் கிளாஸ்கோவைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஷீல்ஸ் உறிஞ்சுவதை விட்டுவிட்டுச் செய்யும் பல்சேட்டரைச் சேர்த்தார். 1903இல் ஆஸ்திரேலியாவில் கில்லீஸ் என்பவர் இரட்டை அறை கொண்ட காம்புக் கப்பைக் கொண்டுவந்தார். இன்று வரை மிஷின் ஓடுவது இந்த இரண்டின் மேல்தான். வெளியே கெட்டியான கூடு, உள்ளே லைனர் எனப்படும் ரப்பர் அல்லது சிலிகோன் உறை, நடுவில் ஓர் இடைவெளி. லைனருக்குள்ளே வேக்கம், அதாவது காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிட இழுவை, எப்போதும் இருக்கும். நடுவில் உள்ள இடைவெளியில் மட்டும் பல்சேட்டர் ஒரு முறை வேக்கமும் ஒரு முறை காற்றும் மாற்றி மாற்றி விடும். வேக்கம் வரும்போது லைனர் விரிந்து பால் ஓடும். காற்று வரும்போது லைனர் மடிந்து காம்பை அமுக்கிவிடும், கீழே இறங்கிய ரத்தம் திரும்பி மேலே ஏறும். பசுவுக்கு நிமிடத்துக்கு 60 முறை, அதில் நூற்றுக்கு 60 பங்கு நேரம் பால் ஓட்டம், 40 பங்கு நேரம் ஓய்வு என்பது வழக்கமான அமைப்பு. வேக்கம் 40 முதல் 50 கிலோபாஸ்கல், பாதரச அங்குலம் காட்டும் மீட்டராக இருந்தால் 12 முதல் 15. வெள்ளாட்டுக்கு வேக்கம் குறைவு, 36 முதல் 40 கிலோபாஸ்கல், துடிப்பு நிமிடத்துக்கு 90 அளவில்.

இதனால்தான் பல்சேட்டர் இல்லாத சின்னக் கைப்பம்பு, பாட்டில் வகைக் கறவைக் கருவிகளைத் தினசரிக் கறவைக்கு வேண்டாம் என்கிறேன். விலை குறைவாகத் தெரியும், பார்க்க எளிதாக இருக்கும். ஆனால் அவற்றில் ஓய்வு என்பதே கிடையாது. ஓரிரு நாள் அவசரத்துக்கு ஆட்டில் பயன்படுத்தலாம். மாதக்கணக்கில் போட்டால் காம்பு நுனி கெட்டுவிடும்.

மடிநோய் பற்றிய கேள்விக்கு வருகிறேன். மிஷினால் மடிநோய் வருகிறது என்பதில் உண்மை இருக்கிறது. கையாலும் வருகிறது என்பதும் அதே அளவு உண்மை. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே போன்ற கிருமிகள் ஒரு மாட்டு மடியிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஒரு வாகனம் வேண்டும். கறப்பவரின் கையும் அந்த வாகனம்தான், லைனரும் அந்த வாகனம்தான். எல்லா மாட்டுக்கும் ஒரே துணியால் துடைப்பதும் அதே கணக்குதான். சாணத்திலும் ஈரப் படுக்கையிலும் இருக்கும் ஈகோலை மாதிரியான கிருமிகளுக்கு நீங்கள் எதால் கறக்கிறீர்கள் என்பதே பொருட்டல்ல. காம்புத் துளை திறந்திருக்கும் நேரத்தில் மாடு அழுக்கில் படுத்தாலே போதும்.

மிஷினுக்கென்றே தனியாக உள்ள ஆபத்துகள் மூன்று. பால் தீர்ந்த பிறகும் கழற்றாமல் விட்டால் காம்பு நுனியில் வெள்ளையாகச் சொரசொரப்பான வளையம் தடிக்கும், அந்த மடிப்பில் கிருமி தங்கும். லைனர் தேய்ந்தோ அளவு பொருந்தாமலோ வழுக்கினால் புஸ்ஸென்று காற்று உள்ளே பாயும். அந்த வேகத்தில், நாலு கப்பின் பாலும் வந்து சேரும் கிண்ணமான கிளாவில் இருக்கும் பால் துளிகள் மற்ற காம்புகளின் துளைக்குள்ளேயே அடிக்கும். ஒரு காம்பில் கிருமி இருந்தால் நாலுக்கும் போய்விடும். மூன்றாவது, வேக்கத்தை நிறுத்தாமலே கப்பைப் பிடுங்குவது. முதலில் வால்வை மூட வேண்டும், வேக்கம் இறங்கும் வரை ஓரிரு நொடி பொறுக்க வேண்டும், அப்போது நாலு கப்பும் கிளாவும் சேர்ந்த கிளஸ்டர் தானாகக் கைக்கு வரும். மாட்டும்போதும் கப்பின் அடியில் உள்ள குட்டிக் குழாயை மடக்கிப் பிடித்துக் காற்று உறிஞ்சாமல் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். இந்த மூன்றும் உங்கள் கைப்பழக்கத்தில் அடங்கியவை. மடிநோய்க்கு மிஷினைக் குறை சொல்லும் வீடுகளில் நான் பார்த்தவரை பிரச்சினை இவற்றில் ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது, அல்லது மாற்றப்படாத லைனர்.

கறவைக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை இரண்டு முறைக்கும் ஒன்றுதான். கையைக் கழுவுங்கள். ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் மூன்று நாலு பீச்சைக் கருப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் பீச்சிப் பாருங்கள். திரித்திரியாகவோ தண்ணீராகவோ ரத்தமாகவோ வந்தால் அந்த மாட்டைக் கடைசியில் கறந்து பாலைத் தனியே வையுங்கள், மிஷினில் அதை மற்ற பாலோடு சேர்க்காதீர்கள். காம்பை மட்டும் சுத்தம் செய்து, ஒரு மாட்டுக்கு ஒரு துணி என்று உலரத் துடையுங்கள். மடி முழுவதும் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் மடியின் அழுக்குத் தண்ணீர் காம்பு வழியே கப்புக்குள்தான் இறங்கும். இந்தப் பீச்சலும் துடைப்பும்தான் சுரப்பையும் கொண்டுவருகிறது. ஆக, தொட ஆரம்பித்து ஒன்றரை நிமிடத்துக்குள் மிஷின் மாட்டுங்கள், அதற்கு மேல் தாமதிக்காதீர்கள். கறந்து முடித்ததும் அயோடின் கரைசலில் காம்பு நுனியை முக்கி எடுங்கள். காம்புத் துளை சரியாக மூட அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். அந்த நேரத்துக்குத் தீவனம் போட்டு மாட்டை நிற்க வையுங்கள்.

நேரக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். ஒரு வேளைக்கு எட்டு பத்து லிட்டர் தரும் மாட்டைக் கையால் கறக்க எட்டு பத்து நிமிடம். இரண்டு மாட்டுக்கு இருபது நிமிடம், சட்டி கழுவ ஐந்து நிமிடம். மிஷினில் மாட்டுக்கு ஐந்தாறு நிமிடம், இரண்டுக்குப் பன்னிரண்டு. ஆனால் தயார் செய்ய ஐந்து, கழுவப் பதினைந்து நிமிடம் போகும். மொத்தம் முப்பத்திரண்டு. இரண்டு மாட்டில் நேரம் கூடுகிறது. மூன்றில் இரண்டும் ஏறக்குறைய சமம். நாலுக்கு மேல் போகப் போக மிஷின் முந்தும், ஏனென்றால் கழுவும் நேரம் மாட்டின் எண்ணிக்கையோடு கூடுவதில்லை. மாடு மூன்றே ஆனாலும் ஒவ்வொன்றும் அதிகப் பால் தருவதாக இருந்தால் ஐந்தாறு நிமிடச் சுரப்புக்குள் கையால் முடிப்பதே கஷ்டம், அங்கும் மிஷின்தான் மாட்டுக்கு நல்லது.

கழுவுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மிஷின் பால் தூசி, முடி எதுவும் விழாமல் மூடிய பாதையில் வருகிறது. அந்த வகையில் திறந்த சட்டியில் கறந்ததைவிடச் சுத்தம்தான். ஆனால் ஒரு வேளை சரியாகக் கழுவாத குழாயில் ஒட்டிய பால், அடுத்த வேளைக்குள் கிருமிக் கூடாரமாகிவிடும். கடைசி மாடு முடிந்த உடனே, பால் காய்வதற்கு முன்னால், 35 முதல் 40 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரை வேக்கத்திலேயே உறிஞ்சவிட்டு, தெளிவாக வரும் வரை அலசுங்கள். எடுத்த எடுப்பில் கொதிநீர் விட்டால் பால்புரதம் சுவரில் வெந்து ஒட்டிக்கொள்ளும், பிறகு எளிதில் வராது. அடுத்தது காரத்தன்மை உள்ள பால் பாத்திரக் கழுவுபொடியைக் கலந்த 60, 70 டிகிரிச் சுடுநீர், கூடவே பிரஷ். லைனரின் வாய்ப்பகுதி, கிளாவின் உள்மூலை, மூடியின் வாஷர் ஆகிய மூன்றும் கண்ணுக்குத் தப்பும் இடங்கள், அவற்றைக் கழற்றித் தேய்க்க வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் அலசி, தலைகீழாகத் தொங்கவிட்டு வடிய விடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை அமிலக் கழுவல் கொடுத்தால் உப்புப் படலம் ஏறாது. கார, அமிலப் பொருட்களை ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள், சில காரப்பொடிகளில் குளோரின் இருக்கும், அது அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும். மிஷினை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். புளிப்போ கெட்ட வாடையோ துளி இருந்தாலும் கழுவல் போதவில்லை என்று அர்த்தம்.

எந்த முறையில் கறந்தாலும் பாலை வடிகட்டி, இரண்டு மணி நேரத்துக்குள் 4 டிகிரிக்குக் குளிர வையுங்கள், அல்லது உடனே காய்ச்சிவிடுங்கள்.

வாங்கும்போது பெரிய மோட்டாரைப் பார்த்து மயங்க வேண்டாம். வேக்க மீட்டரும், வேக்கத்தைச் சமப்படுத்தும் ரெகுலேட்டரும் இருக்கிறதா என்று பாருங்கள். கப் ஒன்று கழன்று காற்று புகுந்தாலும் முள் உடனே பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். ஓடும்போது கட்டைவிரலை லைனருக்குள் விட்டுப் பாருங்கள், அமுக்கம், விடுதலை, அமுக்கம், விடுதலை என்று சீராகத் தெரிய வேண்டும். அமுக்கமே தெரியாவிட்டால் பல்சேட்டர் வேலை செய்யவில்லை. பாலும் ஈரமும் பம்புக்குள் போகாமல் தடுக்கும் ஈரப்பொறி உண்டா, எண்ணெய் ஊற்றும் பம்பா, அப்படியென்றால் எண்ணெய் தீராமல் யார் பார்ப்பது என்பதையும் கேளுங்கள். லைனரும் வாஷரும் அருகில் கிடைக்கிற மாதிரியான மாடல்தான் நல்ல மாடல். லைனர் உங்கள் மாட்டுக் காம்பின் அளவுக்கு ஏற்றதாக இருக்கட்டும்.

ரப்பர் லைனருக்கு ஆயுள் 2,500 கறவை என்பது பொதுக் கணக்கு. மூன்று மாட்டை நாளுக்கு இரண்டு வேளை கறந்தால் நாளுக்கு ஆறு, அப்படியானால் ஒரு வருடத்துக்கும் மேல் வரும் என்று தோன்றும். வராது. பால் கொழுப்பும் கழுவுபொடியும் சூடும் சேர்ந்து ரப்பரை வயதாக்கிவிடும். உபயோகம் குறைவாக இருந்தாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாலையும் ஒன்றாகவே மாற்றுங்கள்.

கையால் கறந்து பழகிய மாட்டை மிஷினுக்கு மாற்றும்போது அவசரப்படாதீர்கள். கொஞ்ச நாளைக்கு, வழக்கம் போல் கையால் கறக்கும் நேரத்தில் பம்பைத் தூரத்தில் ஓட விடுங்கள், தினமும் கொஞ்சம் கிட்டே கொண்டுவாருங்கள். கூடவே அதற்குப் பிடித்த தீவனம் போடுங்கள். சத்தத்தை மாடு சட்டை செய்யாமல் தின்ன ஆரம்பித்த பிறகு கப்பை மாட்டுங்கள். முதல் வேளைகளில் மிஷினில் பாதி, கையில் பாதி என்று போனாலும் பரவாயில்லை. தலைச்சன் ஈற்றுக் கிடேரி இதில் சுலபம், அதற்குப் பழைய பழக்கம் எதுவும் கிடையாது. கன்று ஊட்டினால்தான் சுரப்பு விடும் மாடாக இருந்தால் கன்றைக் கண்ணெதிரே கட்டிவைத்து, காம்பைத் துடைக்கும் நேரத்தை நீட்டிப் பாருங்கள். சில மாடுகள் கடைசி வரை ஒத்துக்கொள்ளாது, அவற்றை வற்புறுத்திப் பயனில்லை.

மிஷின் வந்த பிறகும் கைக்கறவையைக் கைவிட்டுவிடாதீர்கள். மின்சாரம் போனால் மாடு காத்திருக்காது, ஒரு வேளை தவறினாலே மடி கட்டி வலி எடுக்கும். நோய் வந்த மடிப்பகுதி, காம்பில் காயம், கன்று ஈன்ற முதல் நாட்களின் சீம்பால், இவையெல்லாம் கையால் எடுப்பதே நல்லது. வீட்டில் இன்னொருவருக்கும் கறக்கத் தெரிந்திருக்க வேண்டும், உங்கள் கைக்கு ஓய்வு தேவைப்படும் நாளில் அவர் கறக்கலாம்.

மிஷின் போட ஆரம்பித்த முதல் மாதம், கழற்றிய கையோடு நாலு காம்பையும் பாருங்கள். இளகி, பழைய நிறத்தில், உலர்ந்த தோலாக இருந்தால் எல்லாம் சரி. நீலமாகவோ செக்கச் சிவந்தோ வந்தாலும், மேல்முனையில் கயிறு கட்டிய தடம் போல வளையம் வீங்கினாலும், நுனி தட்டையாக நசுங்கித் தெரிந்தாலும் அன்றைக்கே வேக்க முள்ளையும் பல்சேட்டரையும் லைனர் அளவையும் சோதியுங்கள், பால் நின்றதும் கழற்றுகிறீர்களா என்றும் பாருங்கள். காரணம் கிடைக்கும் வரை அந்த மாட்டைக் கையால் கறந்துகொள்ளுங்கள்.